4 ஜிபி லேப்டாப், ஆண்ட்ராய்டு 9 போன்: யூபிளாக் நின்ற பிறகு எந்த பிரவுசர்?

ஓடைக்கரை கேட்டது:

குரோம் அப்டேட் ஆனதும், விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின் "இனி ஆதரவு இல்லை" என்று அணைந்து நிற்கிறது, திரும்ப ஆன் செய்யும் பொத்தானும் இல்லை. வேறு பிரவுசருக்குப் போவதா, குரோமிலேயே சமாளிப்பதா என்று முடிவெடுக்க விவரம் வேண்டும்.

லேப்டாப்: ஐ3-6006யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.
போன்: ஆண்ட்ராய்டு 9, 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். காலி இடம் 2 ஜிபிக்கும் கீழே.

நடக்கும் வேலைகள்: தமிழ் நாளிதழ்த் தளங்கள், யூடியூப், கரண்ட் பில், வங்கி, ரயில் டிக்கெட். கண் பார்வை மங்கிய பெரியவர் ஒருவருக்குச் செய்தியை வாசித்துக் காட்டும் வசதியும் தேவை.

குரோமில் இன்னும் ஓடும் எளிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் போதுமா, பயர்பாக்ஸுக்கு மாறித்தான் ஆக வேண்டுமா? போனில் குரோமை முடக்கினால் இடம் மிச்சமாகுமா? யூடியூப்பில் 1080 வைத்தால் ஃபேன் இரைகிறது, படம் திக்கித் திக்கி ஓடுகிறது. இது பிரவுசரின் கோளாறா?

கம்பிவேலி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

குரோம் மேனிஃபெஸ்ட் 2 என்ற பழைய எக்ஸ்டென்ஷன் முறையை எடுத்துவிட்டு மேனிஃபெஸ்ட் 3-ஐ வைத்திருக்கிறது. பழைய முறையில், பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே பார்த்து "இது போகலாம், இது வேண்டாம்" என்று அந்த நொடியில் முடிவு செய்யும். புதிய முறையில் எக்ஸ்டென்ஷன் வாசலில் நிற்க முடியாது. விதிகளைப் பட்டியலாக எழுதி பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தடுப்பது பிரவுசரின் வேலை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அலுவலகங்களுக்கான பாலிசியைப் போட்டுச் சிலர் குரோம் 138 வரை ஓட்டினார்கள். 2025 ஆகஸ்டில் 139 வந்ததோடு அந்த வழியும் அடைபட்டது. அதனால் பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்லும் ரெஜிஸ்ட்ரி வித்தைகளில் நேரத்தை விடாதீர்கள்.

லைட் மோசமானது அல்ல. விதிகளைப் பிரவுசரே கையாள்வதால், பக்கம் திறக்கும்போது எக்ஸ்டென்ஷன் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் 4 ஜிபிக்கு அது நல்ல விஷயம். போட்டதும் அதன் ஐகானை அழுத்தி, வடிகட்டும் அளவு "ஆப்டிமல்" என்று இருக்கிறதா பாருங்கள். "பேசிக்"கில் இருந்தால் விளம்பரம் போன இடம் வெள்ளைக் கட்டமாக அப்படியே நிற்கும். ஆப்டிமலுக்கு மாற்றினால் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அனுமதி கேட்கும். அந்த அனுமதி இல்லாமல் பக்கத்துக்குள் இருக்கும் கட்டங்களை அதனால் மறைக்க முடியாது.

லைட் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஃபில்டர் பட்டியல்கள் எக்ஸ்டென்ஷன் அப்டேட்டோடு சேர்ந்துதான் வரும். யூடியூப் மாதிரி அடிக்கடி ஸ்கிரிப்டை மாற்றும் தளத்தில், முழு யூபிளாக் சில மணி நேரத்தில் புதிய பட்டியலை இழுத்துக்கொள்ளும், லைட் காத்திருக்கும். இன்னொன்று, விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் தளங்கள். "தடுப்பானை அணைத்துவிட்டு வாருங்கள்" என்று திரையை மறைக்கும் பக்கங்களை முழு யூபிளாக் அளவுக்கு இது சமாளிக்காது.

பயர்பாக்ஸ் பழைய முறையையும் வைத்திருக்கிறது. அங்கே முழு யூபிளாக் போட்டால், டாஷ்போர்டு, ஃபில்டர் லிஸ்ட்ஸ், ரீஜன்ஸ் என்று போய் இந்தியன்லிஸ்ட் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். தமிழ் உட்பட நம் மொழித் தளங்களுக்கான விதிகள் அதில்தான். மற்ற நாட்டுப் பட்டியல்களை "இருக்கட்டுமே" என்று டிக் செய்ய வேண்டாம், ஒவ்வொன்றும் ரேமைத் தின்னும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: விளம்பரத்தை அளவாகப் போட்டு, தமிழில் உழைத்து எழுதும் சிறு தளங்களில் யூபிளாக்கின் பெரிய பவர் பொத்தானை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்து வையுங்கள். அவர்களுக்கு வரும் வருமானம் அதுதான்.

பழைய மதர்போர்டு எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த லேப்டாப்பில் எந்த பிரவுசர் என்ற கேள்விக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரில் ஐந்து டேப் திறங்கள். மெமரி 85 சதவீதத்தைத் தாண்டியதும் டிஸ்க் 100-க்கு ஏறி அங்கேயே உட்கார்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ரேம் போதாமல் விண்டோஸ் பக்கங்களை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. சுழலும் தட்டு சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடி எடுக்கத் திணறும். டேப் மாற்றும்போது வெள்ளைத் திரை மூன்று நான்கு விநாடி நிற்பது இதனால்தான். இதைக் குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் எதை மாற்றினாலும் தீர்க்க முடியாது.

தீர்வு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா வகை, 7 மிமீ தடிமன், 240 அல்லது 256 ஜிபி போதும். ரேம் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வேகம், ஸ்லாட் எண்ணிக்கை. 2133 என்று காட்டினால் டிடிஆர்4, 1600 என்றால் டிடிஆர்3எல். இந்த பிராசசர் இரண்டையும் ஏற்கும் என்பதால் மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்கினால் தவறிவிடும். ரேம் பலகையில் வெட்டு இருக்கும் இடமே வேறு, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. டிடிஆர்4-இல் 2400 கிடைத்தால் வாங்கலாம், 2133-க்கு இறங்கி ஓடும்.

ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டி. 1 டிபியை 256-க்கு அப்படியே நகலெடுக்க (குளோன்) முயலாமல் புதிதாக விண்டோஸ் போடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு பிணைந்தது, டிஸ்க் மாறினாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

அதுவரை ஓட்ட: குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், மெமரி சேவர் ஆன், அளவு "மேக்ஸிமம்". சிஸ்டம் பகுதியில் "குரோமை மூடியபிறகும் பின்னணி ஆப்கள் ஓடட்டும்" என்பதை அணையுங்கள். எட்ஜில் ஸ்டார்ட்அப் பூஸ்டை அணையுங்கள். எட்ஜ் சட்டென்று திறக்க வேண்டும் என்பதற்காக அதன் ஒரு பகுதி ரேமிலேயே குடியிருக்கும், 4 ஜிபியில் அதற்கு இடமில்லை. பயர்பாக்ஸில் 140-ஆம் பதிப்பிலிருந்து டேபை ரைட் கிளிக் செய்தால் "அன்லோட்" இருக்கிறது. எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று அதன் டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டு இறக்கலாம்.

பயர்பாக்ஸா குரோமா, எது ரேம் குறைவு என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இரண்டும் பாதுகாப்புக்காகத் தளத்துக்கு ஒரு பிராசஸ் என்று பிரிக்கின்றன. ஒரே நாளிதழின் ஐந்து பக்கங்களைவிட ஐந்து வேறு வேறு தளங்கள் அதிகம் தின்னும். இரண்டு பிரவுசரை ஒரே நேரத்தில் திறந்து வைப்பதுதான் இந்த மெஷினில் செய்யக் கூடாதது.

விண்டோஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். அப்டேட் பக்கத்தில் "என்ரோல்" வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசு கேட்காது. 6-ஆம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. வங்கி வேலை இதில் நடப்பதால் இந்த என்ரோல் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாடிப்படி எழுதியது:

போனுக்கு வருகிறேன். குரோமை முடக்கப் போகும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

ஆண்ட்ராய்டு 7, 8, 9 மூன்றிலும் மற்ற ஆப்கள் தங்களுக்குள் வலைப்பக்கம் காட்டப் பயன்படுத்தும் வெப்வியூ வேலையைக் குரோமே பார்க்கிறது. குரோமை முடக்கினால், தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ எழுந்துகொள்ளும். அது போன் விற்பனைக்கு வந்தபோது இருந்த பழைய பதிப்பாகவே கிடக்கலாம். முடக்கியதும் பில் கட்டும் ஆப் வெள்ளைத் திரை காட்டுவது, வங்கி ஆப் திறந்தவுடன் மூடிக்கொள்வது எல்லாம் இங்கிருந்து வருபவை. முடக்கியே ஆக வேண்டுமென்றால் உடனே பிளே ஸ்டோரில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவைத் தேடி அப்டேட் செய்யுங்கள். எது வேலை செய்கிறது என்பதை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "வெப்வியூ இம்ப்ளிமென்டேஷன்" வரியில் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 10-இல் இந்த அமைப்பு வேறு.

இடமும் அவ்வளவாக மிச்சமாகாது. குரோம் சிஸ்டம் பகுதியில் பதிந்தது. முடக்கினால் அதன்மேல் வந்த அப்டேட்டுகளும் சேர்ந்த தரவும்தான் போகும். 32 ஜிபி போனில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் "5 எம்பிக்கு மேல்", "பலமுறை ஃபார்வர்டு ஆனவை" என்று பிரித்தே காட்டும். காலை வணக்க வீடியோக்களை அங்கேயே தேர்ந்தெடுத்து அழிக்கலாம். குறைந்தது 4 ஜிபி காலியாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் பிளே ஸ்டோர் அப்டேட்டுகளே பாதியில் நிற்கும்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஆண்ட்ராய்டு 9-க்குக் கிடைக்கும் கடைசி குரோம் 138. 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். பிரேவ், எட்ஜ் போன்றவையும் அதே எஞ்சினை எடுப்பவை, அவையும் அந்த எல்லைக்கு வந்தாக வேண்டும். பயர்பாக்ஸ் தன் சொந்த எஞ்சினைச் சுமந்து வருகிறது, குரோமையோ வெப்வியூவையோ நம்பி இல்லை. எனவே இந்தப் போனில் பயர்பாக்ஸைப் போட்டு, இயல்பான பிரவுசராக அதையே வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பும் அதில் திறக்கும். முழு யூபிளாக் ஆரிஜினையும் மெனு, எக்ஸ்டென்ஷன்ஸ் வழியாக அங்கே போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு குரோமில் அந்த வசதி இல்லை.

விலை என்னவென்றால், சற்றுக் கனம். 3 ஜிபி போனில் நீளமான பக்கத்தை வேகமாகத் தள்ளும்போது குரோம் அளவு வழுக்காது. டிக்கெட் போடும்போது இன்னொரு சிக்கல் வரும். ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போய்த் திரும்பினால், அதற்குள் ஆண்ட்ராய்டு பிரவுசரை நினைவிலிருந்து இறக்கியிருக்கும். பக்கம் மறுபடி லோட் ஆகி, பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் நிற்க நேரும். ஓடிபியை மேலிருந்து இழுக்கும் நோட்டிஃபிகேஷனிலேயே படித்துவிடுங்கள், பிரவுசரை விட்டு வெளியேறாதீர்கள். பணம் கட்டும் முன் மற்ற டேப்களை மூடிவிடுங்கள்.

போன் முழுக்க, ஆப்களுக்குள் வரும் விளம்பரமும் சேர்த்துக் குறைய, ஆண்ட்ராய்டு 9-இலேயே "பிரைவேட் டிஎன்எஸ்" (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவையைத் தேர்வு செய்யும் இடம்) இருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில், மேம்பட்டவை என்பதற்குள். விளம்பரம் தடுக்கும் சேவையான ஆட்கார்டின் தளத்தில் கொடுத்திருக்கும் டிஎன்எஸ் பெயரை அங்கே எழுதினால் போதும், தனி ஆப் தேவையில்லை, பேட்டரியும் போகாது. ஆனால் இது டொமைன் பெயரை வைத்துத்தான் தடுக்கும். யூடியூப் விளம்பரமும் வீடியோவும் ஒரே இடத்திலிருந்து வருவதால் அங்கே பயனில்லை. சில கல்லூரி, அலுவலக வைஃபைகள் 853 என்ற போர்ட்டை மூடி வைத்திருக்கும். அங்கே இணைந்தால் வைஃபை முழுதாகக் காட்டும், எந்தப் பக்கமும் திறக்காது. அந்த நேரத்தில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை "ஆட்டோமேட்டிக்" ஆக்கினால் சரியாகும். வீட்டில் போன் பயன்படுத்தும் எல்லோருக்கும் இந்த ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

யாராவது ஓபரா மினி என்ற பிரவுசரைச் சொல்வார்கள். டேட்டா நிஜமாகவே மிச்சமாகும். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த பழைய போன்களில், அதன் கான்ஃபிக் பக்கத்தில் பிட்மேப் எழுத்துருவை ஆன் செய்து தமிழ்ப் பதிவுகளைப் படிக்க முடிந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அதன் தீவிரச் சேமிப்பு முறையில் பக்கம் அவர்கள் சர்வர் வழியாகச் சுருங்கி வருகிறது. வங்கி வேலைக்கு அது கூடாது.

ஓடைக்கரை எழுதியது:

நன்றி. குரோமை முடக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133, ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி. எஸ்எஸ்டி வாங்குவது உறுதி.

யூடியூப்பில் ரைட் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" பார்த்தேன். கோடெக் வரியில் ஏவி01, அடைப்புக்குறிக்குள் 399. ஃபிரேம்ஸ் வரியில் 2900-இல் 412 டிராப்டு. சிபியு 100-இல் நிற்கிறது. இது எதைச் சொல்கிறது?

நீலத்திரை எழுதியது:

விடை அந்த 399-இல் இருக்கிறது. கோடெக் என்றால் வீடியோவைச் சுருக்கும் முறை. 399 என்றால் ஏவி1 கோடெக்கில் 1080 என்று பொருள். விபி9 என்றால் அந்த இடத்தில் 248 வரும், எச்.264 என்றால் 137.

வீடியோவை விரிப்பதற்கு கிராஃபிக்ஸ் சிப்பில் தனிச் சுற்று இருக்கும். இன்டெலில் ஏவி1-க்கு அந்தச் சுற்று 11-ஆம் தலைமுறையில்தான் வந்தது, விபி9-க்கு முழுமையாக 7-இல். உங்களுடையது 6. ஆகவே ஏவி1 வரும்போதெல்லாம் இரண்டு கோர் பிராசசர் தன் கையாலேயே ஒவ்வொரு ஃபிரேமையும் விரிக்கிறது. ஃபேன் இரைவதும் 412 ஃபிரேம் விழுந்ததும் அதனால்தான். உறுதி செய்ய, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் "வீடியோ டிகோட்" கோட்டைப் பாருங்கள். வீடியோ ஓடும்போது அது தரையிலேயே கிடக்கும்.

எதுவும் நிறுவாமல் செய்யக்கூடியது: யூடியூப் கணக்கின் செட்டிங்ஸில் பிளேபேக் பகுதியில் ஏவி1 விருப்பம் இருக்கிறது. "எஸ்டிக்கு மட்டும்" என்று வையுங்கள். கணக்கில் நுழைந்திருந்தால்தான் பிடிக்கும்.

பயர்பாக்ஸ் என்றால் முகவரிப் பட்டையில் அபௌட் கான்ஃபிக் (about:config) பக்கத்தைத் திறந்து, தேடலில் ஏவி1 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். "மீடியா, ஏவி1, எனேபிள்டு" என்று புள்ளி வைத்த வரி வரும். ட்ரூவை ஃபால்ஸ் ஆக்குங்கள். அதன் பிறகும் 248 வந்து திணறினால், விபி9 என்று தேடி "மீடியாசோர்ஸ்" என்ற சொல் இருக்கும் வரியையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். இப்போது 137 வரும், டிகோட் கோடு எழும், ஃபேன் அடங்கும்.

இதற்கு ஈடாகக் கொடுப்பது டேட்டா. அதே தரத்துக்கு எச்.264 பெரிய கோப்பு. வீட்டு பிராட்பேண்டில் கவலையில்லை, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் தினசரி டேட்டா சீக்கிரம் தீரும். 1080-க்கு மேலே எச்.264-இல் யூடியூப் தருவதில்லை, உங்களுக்கு அது தேவையும் இல்லை.

உங்கள் ஸ்டாட்ஸில், வீடியோ தெரியும் கட்டத்தின் அளவைச் சொல்லும் வியூபோர்ட் வரியையும் பாருங்கள். இந்த ரக லேப்டாப்களில் பெரும்பாலும் திரை 1366-க்கு 768. அப்படியானால் 1080-ஐ இறக்கி, விரித்து, மறுபடி 768-க்குச் சுருக்கித்தான் காட்டுகிறது. 720 வைத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, பாதிக்கும் குறைவான புள்ளிகளைத்தான் விரிக்க வேண்டியிருக்கும்.

கம்பிவேலி எழுதியது:

பெரியவருக்கு வாசித்துக் காட்டுவது விடுபட்டுவிட்டது. அதற்கு எட்ஜ். செய்திப் பக்கத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு அழுத்தினால் "ரீட் அலவுட்" தொடங்கும். குரல் தேர்வில் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார். உச்சரிப்பு தெளிவாக இருக்கும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குரல்கள் இணையத்தில் உருவாகி வருபவை, வாசிக்கும் எழுத்து மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போகும். செய்திக்குச் சரி, மருத்துவ அறிக்கையையோ வங்கிக் கடிதத்தையோ அதில் வாசிக்க விட வேண்டாம். இணையம் இல்லாமலும் வேண்டுமென்றால் விண்டோஸில் தமிழ் மொழியின் பேச்சுப் பகுதியைச் சேர்த்துவிட்டு, பயர்பாக்ஸில் எஃப்9 அழுத்தி ரீடர் வியூவில் வாசிக்க வைக்கலாம். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம். எழுத்தைப் பெரிதாக்க அந்த ரீடர் வியூவே நல்லது, விளம்பரமும் இருக்காது.

எஸ்எஸ்டி வந்ததும் இப்படிப் பிரிக்கலாம்: படிப்பதும் யூடியூப்பும் பயர்பாக்ஸில். வாசிப்பு எட்ஜில், அதில் யூபிளாக் லைட். அரசுத் தளமோ வங்கியோ பயர்பாக்ஸில் முரண்டு பிடித்தால், முதலில் முகவரிக்கு அருகிலுள்ள கேடயத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் டிராக்கிங் பாதுகாப்பை அணைத்துப் பாருங்கள், பிறகு யூபிளாக்கை. அப்போதும் வராவிட்டால் எட்ஜ்.

ஓடைக்கரை எழுதியது:

பிளேபேக்கில் மாற்றினேன், 399 போய் 248 வருகிறது. 720-இல் டிராப்டு 3 மட்டும். கடைசியாக ஒன்று: குரோமில் இருக்கும் பாஸ்வேர்டுகளைப் பயர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது எப்படி?

மாடிப்படி எழுதியது:

குரோமில் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர், செட்டிங்ஸ், எக்ஸ்போர்ட். சிஎஸ்வி கோப்பாக வரும். பயர்பாக்ஸில் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தின் மெனுவில் "கோப்பிலிருந்து இறக்குமதி". பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகை அல்லது பின் கொண்டு நுழையும் பாஸ்கீ இருந்தால் அது இந்தக் கோப்பில் வராது, அந்தத் தளத்தில் புதிதாக உருவாக்க வேண்டும்.

போனுக்கும் லேப்டாப்புக்கும் தரவைப் பகிரும் பயர்பாக்ஸ் கணக்கின் சிங்க் ஆன் செய்தால், அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். சிங்க் செய்த தரவு உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கொண்டே பூட்டப்படுவதால், அதை மறந்து ரீசெட் செய்தால் சர்வரில் இருப்பதைத் திறக்க ஆளில்லை.

அந்த சிஎஸ்வியில் எல்லா பாஸ்வேர்டும் நோட்பேடில் திறந்தால் படிக்கும்படி அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் ஷிஃப்டோடு டெலிட் அழுத்தி அழியுங்கள், வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிளவுடுக்கு பேக்கப் ஆகிறதா என்றும் பாருங்கள். ஆகிறதென்றால் அங்கேயும் ஒரு நகல் இருக்கும், அங்குள்ள குப்பைத் தொட்டியிலும் சேர்த்து அழியுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இந்த எக்ஸ்போர்ட்டை எஸ்எஸ்டி மாற்றிய பிறகு, புதிய விண்டோஸில் குரோமுக்குள் கூகுள் கணக்கால் நுழைந்து செய்யுங்கள் (பாஸ்வேர்டுகள் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டும்). அப்போது பழைய தட்டில் அந்தக் கோப்பு எழுதப்படவே செய்யாது.